டி.வி.யில் விளக்கேற்றிய காளியாயி

எண்பத்து நான்காம் வருஷத்துக்குப் பிறகு திருச்சியில் எங்கள் கடையில் டி.வி. வாங்கியவர்கள் எல்லோருக்கும் காளியாயியைத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியும். புது டி.வி.யைப் போட்டதும் திரையில் முதலில் வந்தது அவள் முகம்தான். செய்தி, பாட்டு, கிரிக்கெட் எல்லாம் அதற்கப்புறம். சினிமாக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளட்டும். எங்கள் ஊர்க் கூடங்களில் அவர்களுக்கு முன்னால் போய் நின்றவள் உப்பிலியபுரத்துக்காரி ஒருத்தி.

இதை நான் எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். கடையின் ஆண்டு விழா மலர் ஒன்று வந்தது. பளபளவென்று காகிதம். முதலாளி சகாயநாதன் படம், கிளைகளின் படம், அமைச்சர்கள் ரிப்பன் வெட்டிய படம். காளியாயியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அச்சடித்தவர்கள் முதலாளியின் பேரப்பிள்ளைகள். அவர்கள் அவளைப் பார்த்ததில்லை, பாவம். பார்த்தவள் நான் இருக்கிறேனே. என் பெயர் பேட்ரிசியா. சகாயம் ரேடியோ ஹவுஸில் எழுபத்து நான்கில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பில் போட்டு, கடைசியில் கம்ப்யூட்டரையும் தட்டிவிட்டு ஓய்வு பெற்றவள்.

கடை மேலப்புதூரில். மாதா கோயில் மணி அடித்தால் கடைக்குள் கண்ணாடி அதிரும், அவ்வளவு பக்கம். அரியமங்கலம் பட்டறையில் மரப்பெட்டி செய்து வாங்கி, அதற்குள் ரேடியோவைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தோம். அதில் ஓடிய ஓட்டத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை வந்தது, பிறகு உறையூர், துறையூர், லால்குடி. ரேடியோ விற்ற காலத்தில் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. காலையோ மாலையோ எப்போது திருகினாலும் ஏதாவது ஓர் ஊர் அதில் பேசும்.

டி.வி. வந்ததும்தான் பிடித்தது சனி. பெட்டி வந்துவிட்டது, படம் வரவில்லை. மெட்ராஸ் நிலையம் எங்களை எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை நிலையம்தான் எட்டும், அதுவும் வானம் மனசு வைத்தால். அதற்காக மொட்டை மாடியில் பனை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தெற்கே திருப்பி வைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. "பெருமாளே இலங்கையைப் பார்த்துண்டுதான் சயனிச்சிண்டிருக்கார். எங்காத்து ஆன்டெனாவும் பார்த்துட்டுப் போறது" என்று வடக்குச் சித்திரை வீதி வேதவல்லி மாமி சொன்னதை எங்கள் கிளையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்தார்கள்.

அந்தக் குழாயில் ஏற எங்களுக்குக் கிடைத்தவன் பெரியண்ணன். உப்பிலியபுரத்துப் பக்கம், பச்சைமலை அடிவாரம். விவசாயம் போக மிச்ச நாளில் புளியமரம் ஏறி உலுக்குகிற குடும்பம். மழை இல்லாத ஒரு வருஷம் துறையூர் கிளைக்கு மூட்டை தூக்க வந்தவனை முதலாளி திருச்சிக்கு அழைத்துக்கொண்டார். அவனுக்கு உயரம் பயமில்லை. வீட்டுக்குள் போவதுதான் பயம். இலங்கைப் படம் வர ஆரம்பிக்கிற சாயங்காலத்தில் எந்த வீட்டில் ஆண்பிள்ளை வேலையிலிருந்து திரும்பியிருக்கிறான்? பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். இவன் மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, "தெரியுதாங்க?" என்று தொண்டை கிழியக் கத்துவான். கீழேயிருந்து பதில் வராது. இறங்கி வந்து தானே பார்த்துவிட்டு மறுபடி ஏறுவான். ஒரு வீட்டுக்கு ஒரு நாள் போயிற்று.

"கட்டின பொண்டாட்டிய ஊர்ல விட்டுட்டுதானே வந்திருக்கே? அழைச்சிட்டு வா. அது உள்ள நின்னு சொல்லட்டும்" என்றார் முதலாளி.

அப்படி வந்தவள்தான் காளியாயி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கறுப்பு, முன்பல் கொஞ்சம் எடுப்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டி.வி.யை அவள் அதற்கு முன்னால் கண்டதில்லை. இரண்டே வாரத்தில் வீட்டுப் பெண்களோடு ஒட்டிக்கொண்டு, எந்தக் குமிழ் எதற்கு என்று சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பாலக்கரை முஸ்லிம் வீடுகளில் அவளுக்கு அடுக்களை வரை போக அனுமதி உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் மாடிக்கும் கூடத்துக்குமாகப் பேசிக்கொள்வதைக் கேட்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

"தெரியுதா புள்ள?"

"மூக்கு தெரியுது. வாயக் காணோம்!"

"இப்ப?"

"வாயும் வந்துருச்சு. ஆளுதான் ரெண்டு பேரா நிக்கிறாரு!"

"அது ஒன் கண்ணு!"

"ஒங்க கையி!"

வீடே சிரிக்கும். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன வீட்டிலிருந்து கடைக்கு ஒரு குறைகூட வந்ததில்லை. படம் சரியாகத் தெரியாத வீட்டிலிருந்தும் வரவில்லை.

குறை வந்தது வேறு இடத்திலிருந்து. நம் ஜனங்கள் குக்கர் வாங்கினாலே நல்ல நேரம் பார்ப்பார்கள். டி.வி.க்குப் பார்க்காமல் இருப்பார்களா? நல்ல நேரமோ பெரும்பாலும் காலையில் வருகிறது. இலங்கைக்காரன் ஒளிபரப்புவதோ சாயங்காலம். வேதவல்லி மாமி வீட்டில் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றி, கற்பூரம் காட்டி, குறித்த நிமிஷத்தில் பொத்தானை அழுத்தினால், திரை முழுக்க மணல் மணலாகக் கொட்டுகிறது, 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோடு.

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். "ஏண்டாப்பா பெரியண்ணா, ஆத்துக்கு வந்த முதல் நாளே இப்படி மண்ணை வாரித் தூத்தறதே! இதுக்குள்ளே ஒரு தீபமாவது தெரியப்படாதோ?"

மண்ணை வாரித் தூற்றுகிற பெட்டியை யார் வாங்குவார்கள்? பேச்சு பரவிற்று. முதலாளி யோசித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வி.சி.ஆர். கடையில் இருந்தது. அதைப் புது டி.வி.யோடு தூக்கிக்கொண்டு போய், நல்ல நேரத்தில் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்றார். முதல் தடவை கையில் கிடைத்த ஏதோ ஒரு சினிமா கேசட்டை எடுத்துப் போனார்கள். படம் ஆரம்பமே எழவு வீடு. ஒப்பாரியை நிறுத்தக் காளியாயி பட்டபாட்டை அவள் நடித்துக் காட்ட வேண்டும், நாங்கள் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மாமி கேட்ட தீபம் முதலாளிக்கு நினைவு வந்தது. யாராவது குத்துவிளக்கு ஏற்றுவதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் எல்லா வீட்டுக்கும் ஆயிற்று. எங்கள் மெக்கானிக் நஜிமுதீன் பாய் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கி வந்தார். முதலாளி வீட்டுக் குத்துவிளக்கு உச்சியில் சிலுவை இருந்தது. "இதோட ஸ்ரீரங்கம் போக முடியாது முதலாளி" என்று பாய் அதைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடையின் நடுவில் வெள்ளைப் படுதா கட்டியாயிற்று. விளக்கை ஏற்ற ஆள்?

முதலாளி அம்மா, "ஊரான் வீட்டுல எல்லாம் என் மூஞ்சியா?" என்று உள்ளே போய்விட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்தார்.

"பேட்ரிசியாவா? டி.வி. வாங்கினவங்க பாக்கி கேக்க வந்திருக்காங்கன்னு பயந்துடுவாங்க முதலாளி" என்றார் பாய். அந்த வாய்க்கு அவருக்கு இரண்டு நாள் டீ வாங்கித் தரவில்லை நான்.

ஓரத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவள் காளியாயி. அவளையே நிறுத்தினார்கள். என் பெட்டியிலிருந்த அரக்குச் சேலையைக் கட்டிவிட்டேன். பெரியண்ணன் ஓடிப்போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தான். இவ்வளவு நேரம் சிரித்தவள் கேமராவைக் கண்டதும் விறைத்துப் போனாள். தீக்குச்சியை உரசுகிறாள், அணைகிறது. இன்னொன்றை உரசுகிறாள், ஒடிகிறது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற பெரியண்ணன் பேசினான்:

"என்னா புள்ள, ஒரு தீக்குச்சிக்கு இம்புட்டு வெக்கமா? ஏத்து. நான் இங்கதான நிக்கிறேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், சிரித்தாள், ஏற்றினாள். ஐந்து முகமும் எரிந்தன. அவ்வளவுதான் படம்.

அதைக் கேசட் கேசட்டாகப் பதிந்து எல்லாக் கிளைக்கும் அனுப்பினோம். நம்பினால் நம்புங்கள், எங்கள் வியாபாரம் ஏறியதற்கு விலை காரணமில்லை, விளம்பரம் காரணமில்லை, அந்த விளக்குதான் காரணம். "சகாயத்துல வாங்கினா விளக்கு வரும்" என்று லால்குடி வரைக்கும் சொன்னார்கள். தில்லை நகரில் ஏ.சி. வைத்துக் கம்ப்யூட்டர் ஷோரூம் திறந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உள்ளே வந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் முதலாளி ஒருவர், "இதுக்கும் அந்தப் பொண்ணு வந்து விளக்கேத்துமா?" என்றுதான் முதலில் கேட்டார். அது கணக்குப் போடுமா என்று கேட்கவில்லை.

காளியாயியை ஊர் அடையாளம் கண்டுகொண்டது. மெயின்கார்டு கேட்டில் பூக்காரி அவளுக்கு அரை முழம் கூடப் போடுவாள். பஸ்ஸில் இடம் கொடுப்பார்கள். ஆனால் வீடுகளில் கேசட்டைப் போடும்போது மட்டும் அவள் முதல் வேலையாகச் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவாள். "அவரு என்னயக் கேலி பண்ணுறத ஊரெல்லாம் கேக்கணுமாக்கா?" என்பாள். அதனால் அந்தப் பெண் நிமிர்ந்து யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கேமராக்காரரைப் பார்த்து என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறு வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியண்ணனின் அம்மா பெயரான இருளாயி என்பதையே வைத்தார்கள். டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்துக் கடையிலேயே தூங்க வைப்போம். பெரியண்ணன் வெளியிலிருந்து வந்தால் நேரே அந்தப் பெட்டியிடம்தான் போவான். கை அழுக்கு என்று தொடமாட்டான். குனிந்து பேசிக்கொண்டிருப்பான்.

எண்பத்தாறு தையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். பொங்கலுக்குக் கடை வாசலில் கரும்பு கட்டியவன் மாதம் முடியுமுன் போய்விட்டான். எனக்கு அவன்மேல் இன்றைக்கும் கோபம்தான். உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஊருக்குப் போன காளியாயி சில மாதம் கழித்துக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பொட்டில்லை, பூவில்லை. "வேல குடுங்க முதலாளி. வேற என்ன தெரியும் எனக்கு?" என்றாள். முதலாளி தலையை ஆட்டினார். ஆன்டெனாவுக்குப் புது ஆள் வந்திருந்தான். காலையில் கடையைத் திறந்து கூட்டுவது, டி.வி.களைத் துடைப்பது, பிறகு வீடுகளுக்குப் போவது என்று அவளுக்கு வேலை அமைந்தது. கேசட்டைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. அவளை மறுபடி பார்த்ததே போதுமென்று இருந்தது எங்களுக்கு.

முதல் நாள் துணைக்கு நானும் போனேன். பாலக்கரையில் ஜஹானாரா என்கிற அம்மாள் வீடு. கேசட்டைப் போட்டுவிட்டுக் காளியாயி வழக்கம்போல் சத்தக் குமிழுக்குக் கையைக் கொண்டு போனாள். கை அங்கேயே நின்றது. குறைக்கவில்லை. கூடம் முழுக்கப் பெரியண்ணன் குரல் கேட்டது. ஜஹானாரா அம்மாளுக்கு விஷயம் தெரியாது, விளக்கு எரிந்ததில் சந்தோஷம் அவருக்கு.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "சத்தத்தை வெச்சிட்டியே காளியாயி?"

"பாப்பா பேச்சுக் கத்துக்கிற வயசு வருதுல்லக்கா. அவங்கப்பா எப்பிடிப் பேசுவாருன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" இடுப்பிலிருந்த குழந்தையை மேலே ஏற்றிக்கொண்டாள். "ஃபோட்டோ ஒண்ணு இருக்கு. ஃபோட்டோ பேசாதுல்ல."

அவளுடைய அரியமங்கலத்து வீட்டில் கரண்டே கிடையாது. ஊரான் வீட்டு டி.வி.யில்தான் அந்தக் குழந்தை அப்பன் குரலைக் கேட்டு வளர்ந்தது. போகிற வீட்டிலெல்லாம் குழந்தையைத் திரைக்கு முன்னால் நிறுத்துவாள். அதைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை, யாருக்கும் வந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

என் பெரியம்மா ரோசம்மாளுக்கு வந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஏதாவது பிரச்சினை வரும், ஆசாரம் பார்க்கிறவர்கள் என்று எங்கள் கடைக்காரர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் வரவில்லை. வந்தது எங்கள் மேலப்புதூரிலேயே, தினமும் விடியற்காலைப் பூசையை விடாத என் பெரியம்மா வீட்டில். எண்பத்தேழில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சீரோடு அனுப்பக் கலர் டி.வி. வாங்கினார்கள். சொந்தக்காரி என்று நானும் உட்கார்ந்திருந்தேன். படம் ஓடியது. குரல் வந்தது.

"யாரு அது பேசுறது?" என்றார் பெரியம்மா.

"எங்க வீட்டுக்காரருங்க."

"ஒங்க கடையில ஆன்டெனா கட்டுறாரே, அவரா?"

"இல்லீங்க, அது புதுசா வந்த தம்பி. எங்க வீட்டுக்காரரு போன வருசம் தையில தவறிட்டாருங்க."

பெரியம்மா திரையில் இருந்த முகத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நிப்பாட்டு அதை. பேட்ரிசியா, கல்யாண வீடுடி இது. தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?"

எனக்கு அடக்க முடியவில்லை. "சூசையப்பர் போனப்புறம் மாதாவும் விதவைதான் பெரியம்மா. அவங்க முன்னாடி தெனம் மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றீங்களே."

"வாய் நீளுது உனக்கு. இந்த வாய்க்குத்தான் உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

காளியாயி கேசட்டை எடுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பிரியாணி இறங்கவில்லை. சாயங்காலமே டி.வி. கைவண்டியில் கடைக்குத் திரும்பி வந்தது. பூச்சரம் அப்படியே இருந்தது.

ஒரு டி.வி. திரும்பினால் ஊருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? வைகாசி முகூர்த்தம் நெருங்குகிறது. ஆறு கடையின் பொறுப்பாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். துறையூர்க் காத்தமுத்துதான் பேசினார்.

"முதலாளி, கெட்ட எண்ணத்துல சொல்லல. அது நல்ல பொண்ணு. ஆனா சீர் டி.வி. விக்கிறதுதான் நமக்குப் பொழப்பு. ஊர் வாய மூட முடியாது."

முதலாளி கெட்டவரல்ல. பயந்தவர். அன்று காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். கடைசியில் சொன்னார்: "புதுசா எடுத்துடுவோம். ஆளே வேணாம். விளக்கு மட்டும் எரியட்டும். பழைய கேசட் அத்தனையும் வாங்கி அதும்மேலயே பதிஞ்சிடுங்க பாய்."

"அதுல பெரியண்ணன் குரல் இருக்கு முதலாளி" என்றேன்.

"தெரியும்மா. அதுதானே பிரச்சினையே."

"ஒண்ணை அவகிட்ட குடுத்துடலாமே."

"எதுல போட்டுக் கேப்பா? வீட்ல கரண்டே இல்ல. ஒண்ணு வெளிய இருந்தாலும் எவனாவது எடுத்துட்டுப் போய் எங்கயாவது போட்டுடுவான். நீயே பக்குவமா அவகிட்ட சொல்லிடு பேட்ரிசியா."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. அந்தப் பாவம் என் வாய்க்கு வேண்டாம்."

மறுநாள் கடை திறக்குமுன், அவள் கூட்டுகிற நேரத்தில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். தனியாக வர அவருக்குத் தைரியமில்லை, என்னையும் வரச் சொன்னார். இரண்டு பேருமாகப் போனபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தோம்.

நஜிமுதீன் பாய் ஒரே வி.சி.ஆரிலிருந்து கடையின் எல்லா டி.வி.க்கும் ஒயர் இழுத்து வைத்திருந்தார். சுவர் முழுக்க அடுக்கியிருந்த அத்தனை டி.வி.யும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனையிலும் அரக்குச் சேலையில் காளியாயி, அத்தனையிலும் விளக்கு. அத்தனை பெட்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் அவன் குரல் வந்தது. "ஏத்து. நான் இங்கதான நிக்கிறேன்." கடையே அவன் குரலாக இருந்தது. கீழே துடைப்பத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காளியாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை.

"எங்க?" என்று கேட்டது குழந்தை.

"இங்கதான். நீ உக்காந்திருக்கல்ல, இதே எடத்துல. இங்க நின்னுதான் அப்பா பேசுனாரு."

குழந்தை தான் உட்கார்ந்திருந்த தரையைக் குனிந்து பார்த்தது. பிறகு உள்ளங்கையால் தரையைத் தடவிற்று.

எனக்குத் தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். முதலாளி என் பக்கம் திரும்பினார். அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"நீ ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே முதலாளி. நீங்க குரல்னுதான் கேட்டுக்கிட்டீங்க, அப்பான்னு கேக்கல."

எங்கள் பேச்சு கேட்டுக் காளியாயி பதறி எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க முதலாளி. இன்னிக்கி இத அழிக்கப் போறாங்கன்னு பாய் சொன்னாரு. கடைசியா பாப்பாவுக்கு ஒரு தடவ காட்டிரலாம்னுதான்... என் மூஞ்சிய அழிச்சிட்டாலும் பரவால்ல முதலாளி. அவரு பேச்ச மட்டும் எதுலயாச்சும் விட்டு வெக்க முடியுங்களா?"

முதலாளி உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அதற்குள் பாயும் வந்துவிட்டார்.

"பாய், ஆளில்லாத விளக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. அது வீடுகளுக்கு. எந்த வீட்டுக்கு எது வேணுமோ அது அவங்க இஷ்டம்." டி.வி.களைக் கையால் காட்டினார். "இதை யாரும் தொடக் கூடாது. இது என் கடைக்கு. ஆறு கடையிலயும் காலையில ஷட்டரைத் தூக்கினதும் முதல்ல இதுதான் ஓடணும். இந்தப் பொண்ணு முகத்துல முழிச்சுத்தான் என் கடை திறக்கணும்."

பாய் திரும்பி நின்று ஒயரைச் சரிசெய்வதுபோல் எதையோ செய்தார். காளியாயிக்கு அவர் சொன்னது உடனே புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம்தான் அழுதாள். அவன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

நான் ஷட்டரை முழுக்கத் தூக்கினேன். தெருவில் ஆள் நடமாட ஆரம்பித்திருந்தது. பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட்டை முதலிலிருந்து ஓட வைத்தாள். கை தானாகச் சத்தக் குமிழுக்குப் போயிற்று.

"தெருவுல கேக்குமே முதலாளி. கொறச்சு வெக்கட்டுங்களா?"

"சத்தமா வைம்மா" என்றார் முதலாளி.

வைத்தாள். சாலை முனை வரைக்கும் கேட்டது. என் பெரியம்மா வீடு அந்த முனையில்தான் இருக்கிறது.